லிங்க் கொடுத்தால் போதுமா? கோப்புச் சேமிப்புத் தளங்களில் எதற்கு எது

"இணையத்தில் கோப்பு வைக்க நல்ல தளம் எது?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்ன கோப்பு, அதை எடுக்கப் போகிறவர் யார்? குடும்பப் படங்களைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருப்பது ஒரு வேலை. 12 ஜிபி வீடியோவை இன்று ராத்திரிக்குள் எடிட்டரிடம் சேர்ப்பது வேறு வேலை. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தை முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் திறந்து வைப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்குக் கோப்பு தொலைகிறது, மீதிப் பேருக்கு அந்தரங்கம் வெளியே போகிறது. அதனால் தளங்களை வரிசையாக அடுக்கி மார்க் போடாமல், கோப்பின் பக்கமிருந்து பார்ப்போம்.

படமும் வீடியோவும்

இலவச இடத்தை விழுங்குவது பெரும்பாலும் போன் கேமராதான். 4கே, வினாடிக்கு 30 ஃபிரேம், எச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில் எடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். ஐகிளவுடும் ஒன்டிரைவும் தருகிற 5 ஜிபி இந்தக் கணக்கில் அரை மணி நேரத்துக்குக்கூட வராது. டிராப்பாக்ஸின் 2 ஜிபி பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கூகுள் 15 ஜிபி தருவது தாராளமாகத் தெரிந்தாலும், அந்த 15 ஜிபியில்தான் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் ஏறுகிறது. 2021 ஜூன் 1க்கு முன் "ஹை குவாலிட்டி"யில் ஏற்றிய படங்கள் கணக்கில் வராது. அதற்குப் பிறகு ஏற்றியவை எல்லாம் வரும். இடம் தீர்ந்தால் படம் ஏறாமல் நிற்பது மட்டுமல்ல, மெயிலும் வராமல் நின்றுவிடும். பலர் கவனிக்காமல் விடுகிற ஆபத்து இது.

போட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" என்ற தேர்வு 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கும், வீடியோவை 1080பி அளவுக்கு இறக்கும். திரையில் பார்க்க இது தாராளமாகப் போதும். பெரிதாக அச்சிடவோ எடிட் செய்யவோ வேண்டுமென்றால் "ஒரிஜினல் குவாலிட்டி" வைக்க வேண்டும். ஒருமுறை சுருங்கியது பிறகு விரியாது.

இடத்தை மிச்சப்படுத்த ஜேபெக் படங்களையும் எம்பி4 வீடியோக்களையும் ஜிப் செய்வது வீண் வேலை. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே பெரிது. ஆனாலும் ஜிப்புக்கு வேறொரு பயன் உண்டு. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் நேரம் போவது கோப்பின் அளவால் அல்ல, எண்ணிக்கையால். கோப்புகளை மொத்தமாக ஏற்றும் ஆர்குளோன் போன்ற கருவியே கூகுள் டிரைவில் வினாடிக்குச் சுமார் இரண்டு கோப்புதான் ஏற்ற முடியும் என்று தன் ஆவணத்தில் சொல்கிறது. 50,000 கோப்பு என்றால் ஏழு மணி நேரம். அதையே ஒரு மூட்டையாகக் கட்டினால் இணைய வேகம் மட்டுமே கணக்கு.

அந்தக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபிக்கு 800 வினாடி, அதாவது பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். 100 ஜிபிக்கு 22 மணி நேரம். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகத்தை; பல இணைப்புகளில் அப்லோடு அதில் ஒரு பங்குதான்.

கூகுள் டிரைவில் வீடியோ ஏற்றி லிங்க் அனுப்பியதும் "மங்கலாகத் தெரிகிறதே" என்று பதில் வருவது சகஜம். கோப்பு கெடவில்லை. பிரவுசரில் ஓடுவது டிரைவ் தனியே தயாரிக்கும் பிரதி. அது முழுத் தரத்தில் தயாராக நேரமெடுக்கும், தயாரான பிறகும் 1080பி தாண்டாது. டவுன்லோடு செய்து பார்த்தால் அசல் அப்படியே இருக்கும். இந்த ஒரு வரியை லிங்க்கோடு சேர்த்து எழுதிவிட்டால் மறுபடி ஏற்றும் வேலை மிச்சம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்

ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல். வண்ணத்தில் சுருக்காமல் ஒரு பக்கம் 26 எம்பி, சாம்பல் நிறத்தில் 8.7 எம்பி, வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 எம்பி. கறுப்பு எழுத்து மட்டும் உள்ள புத்தகத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு ஏதோ ஒரு இலவசச் சுருக்கித் தளத்தில் போட்டு எழுத்தை நசுக்குகிறார்கள். ஸ்கேன் செய்யும்போதே சாம்பலோ கறுப்பு வெள்ளையோ தேர்ந்தெடுத்தால் டிபிஐயைக் குறைக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். புள்ளியும் சுழியும் 150 டிபிஐயில் கரைந்துபோய், பிறகு ஓசிஆரில் (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் முறையில்) "க்" எல்லாம் "க" ஆகிவிடும்.

டிரைவில் ஏற்றிய ஸ்கேன் பக்கத்தை வலது கிளிக் செய்து "ஓப்பன் வித்", "கூகுள் டாக்ஸ்" கொடுத்தால் படத்தில் உள்ள எழுத்தை உரையாக எடுத்துத் தரும். தமிழிலும் வேலை செய்யும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும் என்பது கூகுளின் பரிந்துரை. 300 பக்கப் புத்தகத்தை ஒரே பிடிஎஃப்பாகத் திறந்து, சில பக்கத்தோடு உரை நின்றுபோவதற்கு அளவுதான் காரணம். சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பை அப்படியே பகிர்ந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தேடலிலும் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே சரி. நேரம் இல்லையென்றால் எழுத்துருவைப் பொதிந்த பிடிஎஃப்பாவது அனுப்புங்கள்.

கோப்பின் பெயர்

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பதில் தவறே இல்லை. எல்லாப் பெரிய தளங்களும் ஏற்கும். சிக்கல் வருகிற இடம் வேறு. "கொடை" என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்.எஃப்.எஸ். பிளஸ் இரண்டாகப் பிரித்தே எழுதும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாக ஒன்றாக விழும். இரண்டு கணினியிலிருந்தும் ஒரே ஃபோல்டருக்குக் கோப்பு போனால், ஒரே பெயரில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அல்லது தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. தளம் பழுது என்று நினைத்துவிடுவோம்; பழுது பெயருக்குள் இருக்கிறது. ஒரே கணினியிலிருந்து பெயரை மறுபடி தட்டச்சு செய்தால் தீர்ந்துவிடும்.

நீளமும் இடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், ஆக 85 குறியீடு. "கு" என்பதே க, உகரக் குறி என இரண்டு. எண்ணிப் பார்த்தால் ஐம்பது எழுத்துச் சொச்சத்தில் பெயர் நிரம்பிவிடும். விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு லினக்ஸ் சர்வரில் இறங்க மறுப்பது இதனால்தான். ஒன்டிரைவில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், சாய்கோடு ஆகியவை பெயரில் இருக்கக் கூடாது. ஃபோல்டர்களின் பெயரெல்லாம் சேர்த்து முழுப் பாதை 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. "நாள் 1, யார் வந்தது?" என்று மேக்கில் பெயர் வைத்துவிட்டு, ஏன் சிங்க் (தளத்தோடு தானாக ஒத்திசைவு) ஆகவில்லை என்று தேடாதீர்கள்.

அனுப்புவது

மெயிலில் 25 எம்பி என்பது பொதுவான வரம்பு. இணைப்பு மெயிலுக்குள் போகும்போது கோப்பை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், அதனால் 20 எம்பி கோப்பே சில சர்வர்களில் திரும்பி வரும். அதற்கு மேல் போனால் ஆள் பார்த்து வழி தேட வேண்டும். தெரிந்த ஒருவருக்கு என்றால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் 2 ஜிபி வரை அனுப்பலாம், ஆனால் படமாக அல்ல, "டாக்குமென்ட்" அல்லது "ஃபைல்" ஆக. கேலரியிலிருந்து சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் (நடுவில் உள்ள நிறுவனமும் படிக்க முடியாத பூட்டு) செய்யப்பட்டவை அல்ல. அதைச் சொந்த லாக்கர் போல் நினைத்து ஆவணங்களைக் குவிப்பது நல்லதல்ல.

வீடிரான்ஸ்ஃபர் ஒருகாலத்தில் இந்த வேலைக்குக் கைகண்ட மருந்து: 2 ஜிபி, ஏழு நாள். இப்போது இலவசத்தில் 30 நாளுக்குப் பத்து பரிமாற்றம், மொத்தம் 3 ஜிபி, மூன்றே நாளில் லிங்க் காலாவதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பினால் திங்கள் மாலைக்குள் எடுத்தாக வேண்டும். பெரிய கோப்பை ஒருமுறை அனுப்ப ஸ்விஸ்டிரான்ஸ்ஃபர் மேல்: கணக்கு வேண்டாம், 50 ஜிபி வரை, 30 நாள் வரை இருக்கும், பாஸ்வேர்டு போடலாம்.

மெகா என்ற சேமிப்புத் தளம் 20 ஜிபி தருகிறது. கோப்பு உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகிறது. அதன் லிங்க்கில் ஹேஷ் குறிக்குப் (#) பின்னால் வரும் நீண்ட எழுத்துக் கோவைதான் சாவி. ஹேஷுக்குப் பிந்தைய பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை, அதனால் சாவி தளத்துக்குப் போவதில்லை. பாதி லிங்க்கை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் அந்தப் பக்கம் "டிக்ரிப்ஷன் கீ" கேட்பது இதனால். நுணுக்கமானவர்கள் இதையே நல்லதாகப் பயன்படுத்துவார்கள்: லிங்க்கை மெயிலில், சாவியைக் குறுஞ்செய்தியில். குறை என்னவென்றால், இலவசப் பயனருக்கு டவுன்லோடு அளவுக்கு வரம்பு உண்டு; பெரிய கோப்பின் நடுவில் நின்று சில மணி நேரம் காக்க வைக்கும். பிரவுசரில் இறக்காமல் மெகாவின் கணினி நிரலில் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாஸ்வேர்டை மறந்தால் தளம் எதுவும் செய்ய முடியாது. கணக்கு தொடங்கிய அன்றே "ரெக்கவரி கீ"யை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பெரிய கோப்பைத் துண்டு போட 7ஜிப் என்ற நிரல் போதும். கோப்பை வலது கிளிக் செய்து "ஆட் டு ஆர்கைவ்" கொடுத்து, "ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்" கட்டத்தில் 2000எம் என்று போட்டால் 001, 002 என்று முடியும் துண்டுகள் கிடைக்கும். பெறுபவர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து 001ஐ மட்டும் திறக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் மொத்தமும் திறக்காது. பழைய பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அங்கேயும் இதே வழிதான்.

திறக்கும்போது "சிஆர்சி ஃபெயில்ட்" என்று வந்தால் கோப்பு கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், இரண்டு பக்கமும் "ப்ராபர்ட்டீஸ்" திறந்து பைட் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். "சைஸ்" என்ற வரியைப் பாருங்கள், "சைஸ் ஆன் டிஸ்க்" வேண்டாம். குறைந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது. சமமாக இருந்தும் திறக்கவில்லை என்றால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ.256 மதிப்பைப் பாருங்கள். 7ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக் பட்டியலிலேயே இருக்கும். 64 எழுத்தும் ஒத்துப்போனால் இரண்டும் அதே கோப்புதான். குறை திறக்கும் நிரலிலோ அசல் கோப்பிலேயோ இருக்கிறது.

ஆவணமும் பூட்டும்

அடையாள அட்டை, சான்றிதழ், வங்கி அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட்: இவற்றைப் பூட்டாமல் டிரைவில் போடுகிறவர்களே அதிகம். டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மூன்றும் கோப்பை மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன, ஆனால் சாவி அவர்களிடம். உங்கள் பாஸ்வேர்டு ஒருவர் கைக்குப் போனால் எல்லாமே போகும். டிராப்பாக்ஸில் 2012இல் களவு போன 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் 2016இல் வெளியே வந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுவதோடு, இந்த வகைக் கோப்புகளைத் தனியே பூட்டுவதும் வேண்டும்.

7ஜிப்பில் பூட்டினால் வடிவத்தைக் கவனியுங்கள். ஜிப் வடிவத்தில் முன்னிருப்பாக வரும் "ஜிப்கிரிப்டோ" பலவீனமானது. பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். 7இசட் வடிவம் எடுத்து, "என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்" கட்டத்தை டிக் செய்தால் ஏ.இ.எஸ். 256 பூட்டோடு பெயர்களும் மறையும். அடிக்கடி திறந்து மூடுகிற ஃபோல்டருக்கு இது சிரமம். அதற்கு கிரிப்டோமேட்டர் என்ற பூட்டும் நிரல் நல்ல துணை: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பூட்டுவதால் ஒன்றை மாற்றினால் அது மட்டுமே மறுபடி ஏறும். பிகிளவுடு என்ற சேமிப்புத் தளத்திலும் இந்த வகைப் பூட்டு உண்டு, ஆனால் தனிக் கட்டணம்.

கசிவு பெரும்பாலும் திருடனால் நடப்பதில்லை, ஃபோல்டரால் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் யாருக்கோ "எனிஒன் வித் த லிங்க்" என்று திறந்துவிட்ட ஃபோல்டருக்குள் இன்று ஒரு சான்றிதழைப் போட்டால், அந்தச் சான்றிதழும் அந்த நொடியே திறந்ததாகிவிடும். எதையும் போடுவதற்கு முன் ஃபோல்டரின் "ஷேர்" பட்டனை அழுத்தி "ரெஸ்ட்ரிக்டெட்" என்று இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து வினாடி வேலை. "எடிட்டர்" உரிமை கொடுத்தவர் மற்றவர்களுக்கும் பகிர முடியும். அதே பெட்டியின் பல்சக்கரக் குறியை அழுத்தி அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

டிரைவில் அசலாக ஏற்றிய படம் எடுத்த இடத்தின் குறிப்போடுதான் போகும். வீட்டில் எடுத்த பொருளின் படத்தைப் பொதுவில் பகிர்ந்தால் வீடு இருக்கும் இடமும் சேர்ந்தே போகும். விண்டோஸில் "ப்ராபர்ட்டீஸ்", "டீடெய்ல்ஸ்" பக்கத்தின் அடியில் "ரிமூவ் ப்ராபர்ட்டீஸ்" இருக்கிறது. பகிர்வதற்கு முன் நகலெடுத்து அதில் நீக்குங்கள்.

பலருக்குத் திறந்து வைப்பது

இலவச, பெயர் தெரியாத கோப்புத் தளங்களை நம்பி நீண்ட கால லிங்க் கொடுக்கவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம். மெகாஅப்லோடு 2012 ஜனவரியில் அமெரிக்க அரசால் மூடப்பட்டபோது, திருட்டுப் படத்தோடு சொந்த வேலையைச் சேமித்து வைத்தவர்களின் கோப்பும் சேர்ந்தே போனது. ராபிட்ஷேர் 2015 மார்ச் 31உடன் நின்றது. 2006 முதல் ஓடிய ஜிப்பிஷேர் 2023 மார்ச் முடிவில் மூடியது. ஃபயர்பாக்ஸ் சென்ட் நல்ல சேவைதான். தீநிரல் பரப்புவோர் அதை வளைத்துக்கொண்டதால் 2020இல் மோசில்லாவே நிறுத்தியது. எத்தனை பழைய பதிவுகளில் இந்த லிங்க்குகள் செத்துக் கிடக்கின்றன என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உரிமை உங்களுடையதாகவோ பொதுவுடைமையாகவோ இருக்கும் நூல், ஒலிப்பதிவு, படங்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ்தான் இடம். இலவசம், முகவரி மாறாது, பல வடிவங்களில் தானே மாற்றித் தரும். மென்பொருளுக்கு கிட்ஹப்பின் "ரிலீசஸ்" பகுதி, ஒரு கோப்பு 2 ஜிபிக்குள். கூகுள் டிரைவ் லிங்க்கைக் கூட்டத்துக்குக் கொடுத்தால், திடீரென்று பலர் எடுக்கும் நாளில் "பலர் டவுன்லோடு செய்துவிட்டார்கள், பிறகு வாருங்கள்" என்று 24 மணி நேரம் வரை பூட்டிக்கொள்ளும். தானியங்கிச் சோதனையும் தவறு செய்யும்: 2022 ஜனவரியில் "1" என்ற ஒற்றை எண் மட்டும் இருந்த கோப்பைக் காப்புரிமை மீறல் என்று டிரைவ் தடுத்தது.

இறக்குகிறவர் பக்கமும் ஒரு எச்சரிக்கை. டிரைவ் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வைரஸ் சோதனை செய்வதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் இறக்கத் தருகிறது. பாஸ்வேர்டு போட்ட ரார் கோப்பும், பக்கத்திலேயே "பாஸ்வேர்டு 1234" என்ற குறிப்பும் இருந்தால், அந்தப் பூட்டு உங்களிடமிருந்து மறைப்பதற்கு அல்ல, வைரஸ் சோதனையிடமிருந்து மறைப்பதற்கு. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை முன்னிருப்பாகக் காட்டாது. பிடிஎஃப் போலத் தெரிவது, திறந்ததும் இயங்கும் நிரலான எக்ஸியாக இருக்கலாம். "வியூ" பட்டியலில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" போட்டுவிட்டுப் பிறகு திறங்கள்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

டிராப்பாக்ஸின் சிங்க் இன்றும் தரமானது. கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் ஏற்றுவதால் பெரிய கோப்பில் சின்ன மாற்றம் சட்டென்று போய்ச் சேரும். இலவசத்தில் மூன்று சாதனம்தான். இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும்: பகிர்ந்த ஃபோல்டர் அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் இடத்தையும் பிடிக்கும். 1.5 ஜிபி ஃபோல்டருக்கு ஒருவர் அழைத்தால் உங்கள் 2 ஜிபியில் முக்கால் பங்கு போச்சு. கூகுள் டிரைவில் அது உரிமையாளரின் கணக்கில் மட்டுமே ஏறும்.

சிங்க் என்றால் கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டி, டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கின் மீட்பு, இரண்டும் 30 நாள். அதற்குள் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினி நிரலில் நேர்ந்த கோளாறில் சிலருக்கு மாதக்கணக்கான கோப்புகள் காணாமல் போயின. எப்போதும் திறந்தே இருக்கும் டேட்டாபேஸ், கணக்கு மென்பொருளின் தரவு, கிட் களஞ்சியம் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஃபோல்டர்) ஆகியவற்றை சிங்க் ஃபோல்டருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் ஒரு கோப்பு ஏறிவிடும், அதன் துணைக் கோப்பு வேறு நிலையில் ஏறும், அடுத்த கணினியில் இரண்டும் ஒட்டாது. நிரலை மூடி, ஜிப் கட்டி, தேதி போட்டு ஏற்றுவதே வழி. இன்னொரு பிரதி வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

கல்லூரி, அலுவலகக் கணக்கில் சொந்தக் கோப்பு வைத்திருப்பவர்கள் விலகும் முன்னரே வெளியே எடுக்க வேண்டும். கணக்கு மூடினால் நீங்கள் பகிர்ந்த லிங்க்குகளும் சாகும். கூகுளில் இரண்டு வருடம் தொடாத தனிக் கணக்கையும் அழிக்கலாம் என்பது விதி.

வெளியே எடுக்க கூகுளின் "டேக்அவுட்" இருக்கிறது. துண்டின் அளவு 10 ஜிபி போதும். 50 வைத்தால் நடுவில் அறுந்து மறுபடி முதலிலிருந்து இறக்க நேரும். தயாரான மூட்டை ஏழு நாள்தான் இருக்கும். படங்களோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜேசன் கோப்பு வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கின்றன. டிரைவ் ஃபோல்டரைப் பிரவுசரில் நேராக இறக்கினால் 2 ஜிபி ஜிப்களாகப் பிரிந்து வரும். "ஷார்ட்கட்" ஆக இருந்தவை வராது, கூகுள் டாக்ஸ் எல்லாம் வேர்டு கோப்பாக மாறி வரும். எல்லாத் துண்டையும் விரித்து, கோப்பு எண்ணிக்கையை இரு பக்கமும் எண்ணி, நடுவிலிருந்து பத்து கோப்பைத் திறந்து பார்த்த பிறகே பழைய கணக்கில் கை வையுங்கள்.